இறுகிய காமிராவை இளக்கிய கதை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியம் முழங்கும் இம்மேடையில் பழைய காமிரா ஒன்றைப் பற்றிப் பேச முன்வந்துள்ளோம். அதற்குக் காரணம் உண்டு.

சென்ற ஆண்டுக் கோடையில், நம் லைனைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் துணியில் சுற்றிய மடிப்புக் காமிரா ஒன்றைக் கொணர்ந்தார். 1956-ஆம் ஆண்டில் கோலார் தங்கச் சுரங்கங்கள் மைசூர் அரசின் வசமானபோது, தாயகம் திரும்பிய ஆங்கிலேய அலுவலர் ஒருவர் அவர் தந்தையாருக்கு அளித்த பொருள் அது. "2001-இல் சுரங்கத்தை மூடினார்கள். லைன் வீடுகளும் ஒவ்வொன்றாய் விழுகின்றன. நான் பிறந்த வீட்டை என் தகப்பனார் காமிராவில் ஒரு படமேனும் எடுத்துவிட வேண்டும், தூர வளையம் அசையமாட்டேன் என்கிறது" என்றார்.

நாம் செய்த முதற்காரியமே பிழை. ஆத்திரத்தில் குறட்டை எடுத்துத் திருகினோம். வளையத்தில் கீறல் விழுந்ததே தவிர, அது அசையவில்லை. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே நமக்குத் தண்டனையாயிற்று.

பின்னரே பொறுமையுடன் ஆராய்ந்தோம். இவ்வகைக் காமிராவில் மூன்று கண்ணாடிகள் உண்டு. முன் கண்ணாடி மட்டும் மரையில் சுழன்று முன்னும் பின்னும் நகர்ந்து தூரத்தைச் சரிசெய்கிறது. மரையில் தடவிய கிரீஸ், பல்லாண்டுகளில் பசைநீங்கிக் கோந்துபோல் இறுகிவிடுகிறது. அப்பொழுது வலிந்து திருப்பினால் நடுக்கண்ணாடியும் சேர்ந்து கழன்று வரும். தூரக் கணக்கு பொய்த்துப் படம் மங்கலாகும்.

செய்த முறை இது. வளையத்தின் விளிம்பிலுள்ள மூன்று சிறு திருகுகளைத் தளர்த்தி, வளையத்தைக் கழற்றினோம். ஒட்டிக்கொண்ட இரு கண்ணாடிகளையும் ஒன்றாகவே வெளியே எடுத்தோம். இணைப்பில் குச்சியின் நுனியால் லைட்டர் பெட்ரோல் துளித்துளியாய் விட்டோம், அருகில் நெருப்பில்லை. அது முழுவதும் ஆவியான பின், தலைமுடி உலர்த்தும் கருவியால் இளஞ்சூடு காட்டினோம். ரப்பர்த் துண்டால் பற்றி இருபுறமும் மெல்ல அசைத்தோம். ஒரு நாள், இரு நாள் அல்ல; ஆறு நாள் மாலைதோறும் இதுவே வேலை. ஏழாம் நாள் மரை இளகிற்று! பிரியும் இடத்தைக் குறித்துக்கொண்டோம். மரையில் பல தொடக்கங்கள் இருப்பதால் தவறான இடத்தில் பூட்டினால் கணக்குப் பிசகும். பழைய கிரீஸைத் துடைத்து, புதியதைப் பூச்சளவே தடவினோம். ஷட்டர் இதழ்களில் எண்ணெய் படவே விடவில்லை. பட்டால் அவை ஒட்டிக்கொள்ளும்.

இனித் தூரத்தைச் சரிபார்க்க வேண்டும். பின்கதவைத் திறந்து, பிலிம் படியும் இடத்தில் மங்கல் கண்ணாடியை வைத்து, ஷட்டரைத் திறந்து நிறுத்தினோம். தொலைவிலுள்ள பொருள் வேண்டுமே! சயனைட் மேட்டிற்கு அப்பால் நிற்கும் சுரங்க வாய்க் கோபுரத்தைக் குறிவைத்தோம். அதன் இரும்புச் சட்டங்கள் தலைகீழாய், கூர்மையாய்த் தெரிந்த நிலையில் வளையத்தை முடிவிலிக் குறியில் பொருத்தித் திருகுகளை இறுக்கினோம். நம் முன்னோர் தலைக்கு மேல் நின்ற அக்கோபுரம், இப்பணிக்கும் துணைநின்றது.

120 எண் பிலிம் இன்றும் கிடைக்கிறது. பன்னிரண்டு படங்களில் ஒன்பது தெளிவாக வந்தன. அவற்றுள் ஒன்றில் வீட்டின் கதவும், திண்ணையும், கதவில் எழுதிய எண்ணும் தெரிகின்றன. அடுத்த மழையிலேயே அச்சுவர் சரிந்தது. படம் மட்டும் பெரியவர் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது.

அன்பர்களே! உங்கள் பெட்டிகளின் அடியிலும் இத்தகைய பொருள்கள் உறங்கக்கூடும். அசையவில்லையே என்று எறிந்துவிடாதீர்கள்; குறட்டாலும் திருகாதீர்கள். எடுத்த படங்களின் பின்புறம் இடமும் ஆண்டும் பெயரும் எழுதி வையுங்கள். நம் ஊர்க் கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல அவையே சான்றாகும்.