எண்ணிம அடையாளத் துறையும் எமது இளையோரும்

(இலண்டனில் தமிழ் இளையோருக்கான தொழில் வழிகாட்டல் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எண்ணிம அடையாளத் துறை என்றதும் உங்களிற் பலர் கடவுச்சொல்லையே நினைப்பீர்கள். அது இத்துறையின் ஒரு மூலை மட்டுமே. ஒருவர் தம்மை இன்னார் என்று கூறும்போது அதனை எந்த ஆதாரத்தின் பேரில் நம்புவது, நம்பிய பின்னர் அவருக்கு எந்தக் கதவைத் திறந்துவிடுவது என்னும் வினாக்களுக்குக் கணினி வழியே விடை காண்பதுதான் இத்துறையின் பணி. வங்கிக் கணக்குத் தொடங்குவதும், தாதியர் ஒருவர் நோயாளியின் கோப்பைத் திறப்பதும், விமான நிலையத்தில் கடவுச்சீட்டின் சில்லு வாசிக்கப்படுவதும் இதனுள் அடங்கும்.

இத்துறையை ஏன் எம்மவரிடம் வற்புறுத்துகிறேன் என்று கேட்கலாம். பிரித்தானியாவில் வழங்கப்பட்டிருந்த வதிவிட அனுமதி அட்டைகளில் மிகப் பெரும்பாலானவை 2024 டிசெம்பர் 31 உடன் காலாவதியாகின. அவற்றின் இடத்தை மின் விசா எடுத்துக்கொண்டது. இன்று வீட்டு உரிமையாளரிடமோ வேலை தருபவரிடமோ நீங்கள் காட்டுவது அட்டையை அன்று. ஒரு பகிர்வுக் குறியீட்டை. உங்கள் வதிவிட உரிமைக்கான சான்று உள்துறை அமைச்சின் தரவுத்தளத்தில் இருக்கிறது. அந்தப் பதிவில் பிழை நேர்ந்தால், எடுத்துக் காட்டுவதற்குச் சட்டைப்பையில் எதுவும் இல்லை. பதிவுகள் அழிந்தால் என்ன நடக்கும் என்பதை விண்ட்ரஷ் தலைமுறையினரின் அவலம் 2018 இல் இந்த நாட்டுக்கே காட்டியது. கரீபியன் தீவுகளிலிருந்து வந்து பல பத்தாண்டுகள் இங்கு வாழ்ந்தவர்கள் வேலையையும் சிகிச்சையையும் இழந்தார்கள். சிலர் நாடு கடத்தவும் பட்டார்கள். அவர்கள் வந்திறங்கிய காலத்துப் பதிவு அட்டைகள் 2010 இலேயே அழிக்கப்பட்டிருந்தன.

அடுத்தது எமது பெயர். தகப்பனின் பெயரை முன்னும் தன் பெயரைப் பின்னும் எழுதுவது எம் வழக்கம். ஐரோப்பியப் படிவமோ முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரு கட்டங்களை நீட்டுகிறது. விளைவாக, மகளுக்கு வரும் மருத்துவமனைக் கடிதம் காலஞ்சென்ற தகப்பனாரை விளித்து நலம் விசாரிக்கிறது! கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் வாசிக்கும் பகுதியில் பெயருக்கென உள்ளவை 39 இடங்கள் மட்டுமே. எம் நீண்ட பெயர்கள் சில அங்கே துண்டிக்கப்படுகின்றன. ழகரத்தை ஓர் ஆவணத்தில் ஒருவிதமாகவும் மற்றொன்றில் வேறுவிதமாகவும் ஆங்கிலத்தில் எழுதிவிட்டால், ஒப்பிடும் மென்பொருளுக்கு ஒரே ஆள் இருவராகத் தோன்றுகிறார். வேண்டுமென்று எவரும் எமக்கு இழைத்த தீங்கு என்று இதனைச் சொல்லமாட்டேன். படிவத்தை வரைந்த மேசையைச் சுற்றி எம் பெயர்முறை அறிந்தவர் எவரும் இருக்கவில்லை, அவ்வளவே.

அந்த மேசைக்கு எவ்வாறு செல்வது? பெற்றோர் அஞ்சுவது போல் இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. துறையின் அடிப்படை நூல்கள் பெரும்பாலும் இலவசம். 2012 இல் வெளியான ஓ-ஓத் 2.0, 2014 இல் வெளியான ஓப்பன் ஐடி கனெக்ட் ஆகிய இரு தரநிலைகளையும் முதலில் வாசியுங்கள். அமெரிக்கத் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனத்தின் 800-63 என்னும் வழிகாட்டியை அதன் பின் எடுங்கள்; 2025 இல் அதன் நான்காம் திருத்தப் பதிப்பு வந்தது. கீகுளோக் என்ற திறமூல மென்பொருளை வீட்டுக் கணினியில் நிறுவி, இரண்டு சிறு செயலிகளை அதனோடு இணைத்துப் பாருங்கள். வாசிப்பில் விளங்காதவை அங்கே விளங்கும். 2017 இல் தோன்றிய ஐடிபுரோ என்னும் தொழில்முறையாளர் அமைப்பின் அறிவுத் தொகுப்பும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அவர்கள் நடத்தும் சான்றிதழ்ப் பரீட்சையை வேலையில் ஓராண்டேனும் கழிந்த பின் எழுதுவதே பயன் தரும் என்பது என் எண்ணம்.

இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇரிஎஃப் அமைப்புக்கு உறுப்புரிமைக் கட்டணமே கிடையாது. அதன் விவாதங்களில் எவரும் எழுதலாம். ஒரு வரைவிலுள்ள பிழையைச் சுட்டிக் காட்டும் மாணவரின் பெயர் அங்கே கவனிக்கப்படும்.

கணினி கற்றவர்களுக்கு மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒவ்வொரு உறுப்பு நாடும் 2026 இறுதிக்குள் எண்ணிம அடையாளப் பணப்பையைத் தன் மக்களுக்கு வழங்கவேண்டும். பிரித்தானியாவில் அடையாளச் சரிபார்ப்புச் சேவைகளுக்கான நம்பகச் சட்டகம் 2025 இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வலுவைப் பெற்றது. இவற்றுக்குச் சட்டம் பயின்றோரும், போலி ஆவணங்களை இனங்காண்போரும், முதியவருக்கும் புரியும்படி திரையை வடிவமைப்போரும் தேவை.

ஓர் எச்சரிக்கை. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டி நின்ற அனுபவம் இங்குள்ள பெற்றோர் பலருக்கு உண்டு. அடையாளத்தைக் காட்டுவது வேறு, அதன் வழியே கண்காணிக்கப்படுவது வேறு என்று அவர்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. மைக்ரோசொப்டில் பணியாற்றிய கிம் கமரன் 2005 இல் அடையாளத்தின் ஏழு விதிகளை வகுத்தார். தேவைக்கு மிகாத தகவலை மட்டுமே கேட்கவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பதினெட்டு வயது நிறைந்ததா என்று அறிய, பிறந்த நாளும் முகவரியும் எதற்கு? வேலைக்குச் சேரும் நிறுவனத்திடம் இக்கேள்வியை நேர்முகத் தேர்விலேயே கேளுங்கள். தடுமாறினால் வேறு நிறுவனம் பாருங்கள்.

பிழை நேர்ந்தபோது நடந்துகொள்ளும் விதத்தையும் பாருங்கள். 2017 இல் எசுத்தோனியாவின் சுமார் ஏழரை இலட்சம் அடையாள அட்டைகளின் சில்லில் குறை இருப்பதாகச் செக் நாட்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அரசு அதனை மறைக்கவில்லை. பொதுமக்களுக்கு அறிவித்து, நவம்பரில் அட்டைகளின் சான்றிதழ்களை இடைநிறுத்தி, இணையவழியே புதுப்பிக்கவும் வழி செய்தது. இந்நிகழ்வு பற்றிய அறிக்கைகள் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. முதலாண்டு மாணவருக்கும் விளங்கும். இந்த விடுமுறையிலேயே வாசியுங்கள்.

உங்கள் கேள்விகளுக்கு இப்போது விடையளிக்கிறேன்.