நடக்க முடிந்தால் போதுமா?

கால் பிசகி வீங்கியவர் நடந்துவிட்டால், எலும்பு முறியவில்லை என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். நடப்பது மட்டும் அதற்குச் சான்றாகாது.

கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் வெளியிட்ட விதிகளை இயன்முறை மருத்துவர்களும் கையாள்கின்றனர். கணுக்கால் வலியோடு வருபவரின் இருபுறக் கணு எலும்புகளின் நுனியையும், பின்விளிம்பில் 6 சென்டிமீட்டர் வரையிலும் அழுத்திப் பார்ப்பர். அங்கு வலித்தாலோ, அடிபட்டவுடனும் பரிசோதனையின்போதும் நான்கு அடி எடுத்துவைக்க இயலாவிட்டாலோ எக்ஸ்ரே தேவை. இரண்டில் ஒன்றே போதும்.

நீரிழிவால் கால் உணர்வு குன்றிய முதியோர்க்கு வலியின்மையும் சான்றாகாது. ஆதலின், எண்ணெயிட்டு உருவிவிடுமுன் அறிந்தவரிடம் காட்டுங்கள். வீட்டுப் பெரியோரின் நடை காக்கப்படும்.