கோலாட்டத்தின் முதல் நாலு அடி

(தோட்டப் பிள்ளைக்காம்பராவில் பெரியவர்களுக்கான கோலாட்ட வகுப்பைத் தொடங்கிய அன்று நாங்கள் பேசியதன் எழுத்து வடிவம்)



திருவிழாவுக்குக் கோலாட்டம் வேணும் என்று பேச்சு வந்ததும் எல்லாரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைத்தான் நினைத்தார்கள். நாங்கள் பெரியவர்களைக் கூப்பிட்டோம். "இந்த வயசுல கம்பு தட்டுறதா ஐயா, பாக்கிறவங்க சிரிக்க மாட்டாங்களா?" என்று ஒரு அக்கா கேட்டார். சிரிப்பார்கள்தான். இரண்டு நாள் சிரிப்பார்கள். மூன்றாம் நாள் இஸ்தோப்பில் உட்கார்ந்தபடியே அவர்களும் காலால் தாளம் போடுவார்கள்.

கோலாட்டம் நமக்குப் புதுசு இல்லை. 1820களில் கோப்பித் தோட்டம் தொடங்கிய காலந்தொட்டு, தென்னிந்தியக் கிராமங்களில் இருந்து வந்த நம்ம பாட்டன் பூட்டிமார் கும்மி, கோலாட்டம், காமன் கூத்து எல்லாவற்றையும் கூடவே கொண்டு வந்தார்கள். பாட்டி ஆடினதைப் பார்த்தவர்கள் இங்கேயும் இருக்கிறீர்கள். ஆனால் கண்ணால் பார்த்தது காலுக்கு வராது. பழகத்தான் வேணும்.

முதலில் கம்பு. மிலாறு வெட்டிக் கொண்டு வராதீங்க, வளைந்திருக்கும், தட்டும்போது வழுக்கும். நேரான கொய்யாக் கம்பு நல்லது. ஒன்றேகால் அடி நீளம், பெருவிரல் மொத்தம். தோலைச் சீவி நன்றாகக் காய வைத்தால் சத்தம் கணீர் என்று வரும். பச்சைக் கம்பு சத்தம் போடாது.

கம்பு காயும் வரைக்கும் வெறும் காலும் கையும் போதும். தாளம் நாலு எண்ணிக்கை, "தகதிமி" என்று வாயால் சொல்லிக் கொள்ளுங்க. வலது காலை முன்னால் வையுங்க, இடது காலைக் கொண்டு வந்து சேருங்க. பிறகு வலது காலைப் பின்னால், இடது காலைச் சேருங்க. அவ்வளவுதான் நாலு அடி. இது தடுமாறாமல் வந்த பிறகுதான் கை. "த" வுக்கு நம்ம இரண்டு கம்பையும் இடுப்புக்குக் கீழே தட்டுகிறோம். "க" வுக்குத் தலைக்கு மேலே. "தி" க்கு நம்ம வலது கம்பு எதிரில் நிற்பவர் வலது கம்போடு. "மி" க்கு இடது கம்பு இடது கம்போடு. ஓங்கி அடிக்கக் கூடாது, தொட்டால் போதும். ஓங்கினால் அடுத்தவர் விரல்தான் வீங்கும். மறுநாள் அந்த விரலால்தான் அவர் கொழுந்து எடுக்க வேணும்.

நாங்கள் கவனித்த ஒரு விசயம் சொல்கிறோம். கை நமக்குச் சீக்கிரம் வந்துவிடுகிறது. இரண்டு கையாலும் தனித்தனியாகக் கொழுந்து கிள்ளிப் பழகிய கை அது. வராதது நிமிர்வுதான். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, மேட்டில் ஏறி இறங்கி, நாள் முழுக்கக் குனிந்தே நிற்கிறோம். சமதரையில் நின்றாலும் உடம்பு முன்னுக்குத்தான் சாய்கிறது. கண்ணும் அப்படியே. நிரையில் வாதைப் பார்த்துப் பழகின கண் கம்பையே பார்க்கிறது. கம்பைப் பார்த்தால் பிந்திவிடுவோம். எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்க்க வேணும். பத்து வருசமாக ஒரே லயத்தில் இருந்த இரண்டு பேர் நேருக்கு நேர் முகம் பார்க்க வெட்கப்பட்டு முதல் நாள் சிரித்தே பொழுதைப் போக்கினார்கள். போகட்டும், அதுவும் பழக்கந்தான்.

கழுத்து வலி உள்ளவர்கள் "க" வுக்குக் கையைத் தோள் உயரத்தோடு நிறுத்துங்க. பிள்ளைகள் கேட்கிற பின்னல் கோலாட்டம் இப்போது வேண்டாம். அதில் பாதிப் பேர் ஒரு பக்கமும் மீதிப் பேர் மறு பக்கமும் உள்ளே வெளியே என்று மாறிப் போகிறபோது கயிறு பின்னிக்கொள்ளும். அவிழ்ப்பதற்கு அதே வழியில் திரும்பி வர வேணும். ஒருத்தர் பிசகினால் எல்லாம் சிக்கு.

இனி அண்ணன்மாருக்கு ஒரு வார்த்தை. போன கிழமை வருகிறோம் என்று பேர் கொடுத்தவர்கள் பதினாறு பேர். வந்தவர்கள் ஒன்பது பேர். வராதவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டோம். ஒருத்தரும் பிடிக்கவில்லை என்று சொல்லவில்லை. "அடுப்பை யார் பார்க்கிறது ஐயா?" என்றுதான் சொன்னார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் 1984 இல் வந்தது. அந்தியில் அடுப்படி வேலை மட்டும் இன்னும் ஒருத்தர் பேரிலேயே கிடக்கிறது. செவ்வாய், வெள்ளி, இரண்டு நாளில் ஒரு மணித்தியாலம் ரொட்டி தட்டினால் உங்கள் கை தேய்ந்து போகாது. பிள்ளைகளை இங்கேயே கூட்டி வரலாம், ஆயாம்மா பார்த்துக் கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

ஆட்டத்துக்கு இரட்டைப்படையில் ஆள் வேணும். ஒன்பது பேர் வந்தால் ஒருத்தர் சுவரோடு தட்ட வேண்டியதுதான். அன்றைக்கு நாங்களே ஒரு சோடிக் கம்பு எடுத்து எதிரில் நின்றோம். மூன்று தரம் கால் மாறிப் போச்சு. வெள்ளிக்கிழமை ஐந்தரைக்குத் தொடங்குகிறோம். காய்ந்த கம்பு இருக்கிறவர்கள் கொண்டு வாருங்க, இல்லாதவர்கள் வெறுங்கையோடு வாருங்க.