ஸ்கேட்ஸ்: ‘கிளிக்’ சத்தம் மட்டும் போதாது
(நாவலூர் குடியிருப்போர் கூட்டத்தில் பேசியது)

2025 செப்டம்பரில், சீனாவின் பெய்டைஹேயில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் போட்டியில், சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 1000 மீட்டரில் தங்கம் வென்றார். பிள்ளைகள் ஸ்கேட்ஸ் கேட்கிறார்கள். நீங்களோ, “லேஸ் கட்ட நேரமில்லை, சட்டென்று மாட்டுவது எது?” என்கிறீர்கள்.

பல் வைத்த பக்கிள்தான். பட்டையை உள்ளே தள்ளினால் சின்னக் கொக்கி ஒவ்வொரு பல்லாகப் பிடித்துக்கொள்ளும்; பின்னால் நழுவாது. நெம்பினால் உடனே விடும்.

ஆனால் பக்கிள் ஓரிடத்தில்தான் அழுத்தும். லேஸ் பாதம் முழுவதும் பரவி இறுக்கும். கணுக்கால் முன்னே சாய்வாக வரும் பட்டை குதிகாலைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்தும். அதனால்தான் பல ஸ்கேட்ஸில் மூன்றும் சேர்ந்தே வருகின்றன.

மாட்டும்போது குதிகாலைத் தரையில் தட்டி, பின்னுக்கு ஒட்டவைத்துக் கட்டுங்கள். முழங்காலை மடக்கி நிற்கச் சொல்லுங்கள். குதிகால் மேலே எழும்பினால் கணுக்கால் பிசகும் ஆபத்து உண்டு. எல்லாம் இறுக்கியும் எழும்பினால், ஷூ பெரியது. “அடுத்த வருஷத்துக்கும் ஆகுமே” என்று தயவுசெய்து வாங்காதீர்கள்.

வெல்க்ரோவில் மண் சேர்ந்தால் பிடிக்காது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள்.