ஒட்டுக்குச்சியை ஐஸ் பெட்டியில் வைக்கலாமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரை)



பாலிக் புலாவ் என்றதும் டுரியானும் ஜாதிக்காயும்தான் நம் நினைவுக்கு வரும். அங்குள்ள உறவினர் வீட்டில் நல்ல பழம் சாப்பிட்டவர்கள், "ஒட்டுக் கட்ட இரண்டு குச்சி கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி வருவதுண்டு. ஒட்டுக் கட்ட உடனே நேரம் கிடைப்பதில்லை. ஐஸ் பெட்டியில் வைத்தால் கெடாது என்று எண்ணிவிடுகிறோம். நானும் அப்படித்தான் எண்ணினேன்.

கொட்டையை ஊன்றினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். கொட்டையில் முளைத்த டுரியான், தாய் மரத்தின் பழத்தையே தரும் என்பதற்கு உறுதியில்லை. 1990-இல் பதிவான டி175 உடாங் மேராவும், 1993-இல் பதிவான டி197 முசாங் கிங்கும் ஒட்டுக் கன்றுகளாகவே பரவின. ஜாதிக்காயிலோ ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதை போட்டு வளர்த்தால், பல ஆண்டுகள் காத்திருந்து பூத்த பிறகுதான் அது காய்க்கும் மரமா என்று தெரியும். ஆகவே நல்ல மரத்தின் குலத்தைக் காப்பது அந்தக் குச்சிதான்.

எங்கள் உறவினரின் கம்பத்து வீட்டில் பழைய ஜாதி மரம் ஒன்று காற்றில் சாய்ந்தது. பத்துக் குச்சிகள் வெட்டி வந்து, ஐஸ் பெட்டியின் மேல் தட்டில் ஒரு வாரம் வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் மொட்டெல்லாம் கறுத்துப் போயிருந்தது. திரும்பிப் போனபோது மரத்தை அறுத்து அடுக்கியிருந்தார்கள். இன்று அந்த மரத்தின் வாரிசு எங்குமே இல்லை.

காரணம் என்ன? குளிர்நாட்டு ஆப்பிள் மரம் பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். அப்போது வெட்டிய குச்சியை ஐஸ் பெட்டியில் மாதக்கணக்கில் வைக்கலாம். நம் நாட்டு மரங்களுக்கு அந்த உறக்கம் கிடையாது. ஏறக்குறைய 10 பாகை செல்சியசுக்குக் கீழே பல நாள் இருந்தால் அவற்றின் உயிரணுச் சவ்வுகள் பழுதடைகின்றன. வீட்டு ஐஸ் பெட்டியின் குளிரோ 4 பாகை அளவு. போதாக்குறைக்கு, பக்கத்தில் மாம்பழம், ஆப்பிள் இருந்தால் அவை விடும் எத்திலீன் வாயு மொட்டுகளை உதிரச் செய்யும்.

அப்படியானால் என்ன செய்வது? காலையில் வெயில் ஏறுமுன் வெட்டுங்கள். ஜாதிக்காய்க்கு நிமிர்ந்து வளரும் குருத்துக் கிளைதான் வேண்டும். பக்கக் கிளையில் கட்டினால் மரம் படர்ந்துதான் வளரும். வெட்டியவுடன் இலைகளைக் கத்தரித்து, காம்பை மட்டும் விட்டுவிடுங்கள். இலை இருந்தால் அதன் வழியே நீர் போய்விடும். வெட்டு வாயில் மெழுகு தடவி, நனைத்துப் பிழிந்த செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போடுங்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பிளாஸ்டிக் இல்லாத காலத்தில் வாழை மட்டையில் சுற்றினார்கள். அதுவும் நல்ல முறையே.

வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் வைக்காதீர்கள். ஐஸ் பெட்டியைவிட விரைவாகக் கொல்வது அந்த வெப்பம்தான். வீட்டில் நிழலான, குளிர்ந்த மூலை போதும். அன்றே கட்டுவது உத்தமம். இரண்டு மூன்று நாளுக்கு மேல் தள்ளாதீர்கள். வேறு வழியே இல்லையென்றால், ஐஸ் பெட்டியின் அடியிலுள்ள காய்கறித் தட்டில், பழங்கள் இல்லாமல், ஓரிரு நாள் வைக்கலாம்.

தமிழ்நாட்டிலிருந்து மல்லிகை, ரோஜாக் குச்சிகளைப் பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுவருவோருக்கும் ஒரு வார்த்தை. அனுமதியின்றிச் செடி கொண்டுவருவது 1976-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடைச் சட்டப்படி குற்றம். ஒரு குச்சியோடு வரும் நோய் ஒரு தோட்டத்தையே அழித்துவிடும்.

நேயர்களே, குச்சியை எத்தனை நாள் வைக்கலாம் என்று கணக்குப் பார்ப்பதைவிட, முதலில் வேர்ச்செடியைத் தயார் செய்துகொண்டு பிறகு குச்சி வெட்டப் போங்கள். உங்கள் தாத்தா நட்ட மரம் இன்னும் நிற்கிறதென்றால், அது சாயும் வரை காத்திருக்காதீர்கள். இந்த மாதமே இரண்டு கன்று கட்டுங்கள். ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றதைப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுங்கள். உங்கள் மரம் போனாலும் அவர் வீட்டில் அது இருக்கும்.