போலீஸ் உத்தியோகமும் டிகிரியும்
(விளாத்திகுளம் பொதுக்கூட்டத்தில் பேசியது)



கூட்டம் ஆரம்பிக்கும் முன் ஒரு சம்சாரி என்னிடம் வந்தார். "ஐயா, பையன் பன்னிரண்டு தேறிவிட்டான். போலீஸில் சேர ஆசைப்படுகிறான். இப்போதே விட்டுவிடட்டுமா, அல்லது மிளகாய் விற்ற பணத்தைப் போட்டுக் காலேஜுக்கு அனுப்பட்டுமா? ஜோசியரோ சூரியன் உச்சம், சர்க்கார் உத்தியோகம் நிச்சயம் என்கிறார்" என்றார். எந்த உத்தியோகம் என்று சொன்னாரா என்றேன். அதைச் சொல்லவில்லையாம். கான்ஸ்டபிளுக்கும் சூப்பரின்டெண்டுக்கும் ஒரே சூரியன்தான் போலும்! (சிரிப்பு)

ஜாதகத்தை விட்டுவிட்டுச் சர்க்கார் விதியைப் பாருங்கள். இரண்டாம் நிலைக் காவலராகச் சேரப் பத்தாம் வகுப்பு போதும். நேரே சப்-இன்ஸ்பெக்டராக வேண்டுமானால் டிகிரி வேண்டும். டி.எஸ்.பி.க்கான குரூப் 1 பரீட்சைக்கும், ஐ.பி.எஸ்.ஸுக்கும் அப்படியே. காவலராகச் சேர்ந்தவர் வெறும் சர்வீஸைக் கொண்டே சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் ஆவதற்கு 20 வருஷத்திற்கு மேல் ஆகிவிடுகிறது. தலை நரைத்த அவர், நேற்று வந்த டிகிரிக்காரப் பையனுக்குச் சல்யூட் அடிக்க வேண்டும்.

இது தலைவிதியா? இல்லை. 1902-03-ல் வெள்ளைக்காரன் வைத்த போலீஸ் கமிஷன்தான் சப்-இன்ஸ்பெக்டர்களை நேரே எடுக்கச் சொல்லிற்று, இந்தியருக்கு டி.எஸ்.பி. வரை என்றும், அதற்கு மேல் சீமையிலிருந்து வருபவருக்கு என்றும் வகுத்தது. மனிதன் வைத்த வாசல் இது. வெள்ளைக்காரன் போய்விட்டான், இரண்டு வாசல் மட்டும் போகவில்லை. ஆகவே மேல் வாசலுக்குரிய சாவியை நம் பிள்ளைகளும் கையில் வைத்திருக்க வேண்டுமா, வேண்டாமா?

காசில்லாதவர் என்ன செய்வது? காவலராகச் சேர்ந்துகொண்டே தபால் வழியில் படிக்கலாம். சப்-இன்ஸ்பெக்டர் தேர்வில் துறையிலிருப்போருக்கென்று 20 சதவிகித இடம் உண்டு. ஆனால் பத்தும் பன்னிரண்டும் முறையாகத் தேறிய பின் வாங்கிய டிகிரியாக இருக்க வேண்டும். குறுக்கு வழியில் பட்டம் வாங்கித் தருகிறேன் என்பவனிடம் பணத்தைக் கொடுத்து ஏமாறாதீர்கள். மேலும், 1500 மீட்டர் ஓட்டத்தில் டிகிரிக்குச் சலுகை கிடையாது. பட்டதாரியும் ஓடித்தான் ஆகவேண்டும்.

அந்தச் சம்சாரி பையனைப் பற்றி மட்டுமே கேட்டார். பெண் இல்லையா என்றேன். இருக்கிறாளாம்! 1973 முதல் தமிழ்நாட்டுப் போலீஸில் பெண்கள் இருக்கிறார்கள். பெண்ணையும் படிக்க வையுங்கள்.

ஆனால் ஒன்று. டிகிரி தோளில் நட்சத்திரத்தைத்தான் வைக்கும். நெஞ்சில் நியாயத்தை வைக்காது. 2020 ஜூனில் நம் ஜில்லாவிலேயே, சாத்தான்குளம் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப்பட்ட தகப்பனும் மகனும் செத்தார்கள். கைதானவர்களில் சப்-இன்ஸ்பெக்டர்களும் இருந்தார்கள். கண்டதை மாஜிஸ்ட்ரேட்டிடம் துணிந்து சொன்னவரோ ஒரு பெண் தலைமைக் காவலர். எந்தப் பதவிக்கு டிகிரி கேட்கிறார்கள், எந்தப் பதவிக்குக் கேட்கவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே தோழர்களே, முடிந்தால் காலேஜுக்கு அனுப்புங்கள். முடியாவிட்டால் சேர்ந்தபின் படிக்கச் சொல்லுங்கள். லத்தி கைக்கு வரும் முன் மனிதனை மனிதனாக நினைக்கும் புத்தியை வீட்டிலேயே கொடுத்தனுப்புங்கள். நான் சொன்னேன் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் அறிவைக் கொண்டு யோசித்து, சரியென்று பட்டதைச் செய்யுங்கள்.