ஒரு கை இல்லாத சட்டை



பேரக்குழந்தைக்கென்று ஆசையோடு தொடங்கி, முன்பக்கமும் முதுகும் முடிந்து, ஒரு கையோடு நின்றுபோன கம்பளிச் சட்டையொன்று, கோத்த ஊசியோடு அலமாரியின் அடித்தட்டில் வருஷக்கணக்காக உறங்குவதை, பின்னல் வேலையில் பிரியமுள்ளவர்களின் வீடுகளில் நாம் காணலாம். அதை எடுக்கவும் மனம் வருவதில்லை, மறக்கவும் முடிவதில்லை. பூர்த்தியான காரியங்களைவிடப் பாதியில் நின்றவையே ஞாபகத்தில் அதிகம் தங்குகின்றன என்று, ப்ளூமா ஸைகார்னிக் என்ற மனோதத்துவ அறிஞர் தம் பரிசோதனைகளைக் கொண்டு 1927ஆம் வருஷமே எழுதினார்.

ஆகையால், புது நூல் வாங்குமுன் பழைய பின்னலை வெளிச்சத்தில் விரித்து, பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்த்து, ஊசியிலுள்ள கண்ணிகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். காலம் கடந்தால் கையின் இறுக்கம் மாறக்கூடுமாதலால், நாலங்குலச் சதுரம் ஒன்றைத் தனியே பின்னி, பழையதோடு ஒத்துப்பார்த்த பிறகே தொடருங்கள்.

குழந்தை வளர்ந்துவிட்டதே என்று விசனப்பட வேண்டாம். பின்னலைப் பிரித்து, நூலைச் சிட்டமாகச் சுற்றி, வெதுவெதுப்பான நீரில் நனைத்து உலர்த்தினால், சுருள் நீங்கி மறுபடியும் உபயோகமாகும். பிரித்து வைப்பதும் ஒருவிதப் பூர்த்தியே.

இன்று ஒரு வரிசையாவது பின்னுங்கள்.